புதிமிரின் கைநடுக்கம்

காபிக் கிண்ணத்தைத் தூக்கும்போதே பாதி காபி புதிமிரின் மடியில் கொட்டிவிட்டது.

"நரம்பு," என்றாள் மனைவி ஸ்டாமென்கா, துடைக்கும் துணியை அவன் மேல் வீசியபடி. "எல்லாம் நரம்புதான்யா உனக்கு."

பெல்கிரேடில் பல் வலித்தாலும் நரம்பு, கால் சுளுக்கினாலும் நரம்பு. கேட்டுக் கேட்டுப் புதிமிருக்கு அலுத்துவிட்டது. அவன் டிராம் ஓட்டுகிறவன். திங்கட்கிழமை மருத்துவக் குழு முன்னால் கையை நீட்டிக் காட்ட வேண்டும். ஹார்மோன் என்றால் மாத்திரை கொடுத்து ஓட்ட விடுவார்கள். நரம்பு என்று எழுதிவிட்டால், இருக்கையிலிருந்து இறக்கிப் பணிமனையில் துடைப்பத்தைக் கொடுத்துவிடுவார்கள். டிராமை விட்டால் அவனுக்கு வேறு உலகம் கிடையாது.

"நரம்பு இல்லடி, ஹார்மோன். நரம்புங்கறது டிராம் மணி மாதிரி. மிதிச்சா அடிக்கும், காலை எடுத்தா நின்னுடும். ஹார்மோன் நம்ம கட்டடத்துக்கு வர்ற வெந்நீர்க் குழாய் மாதிரி. எங்கேயோ இருந்து திறந்து விடுவான். மெதுவா எல்லா வீட்டுக்கும் போகும். நாம நெனச்சா நிறுத்த முடியாது. எனக்கு மாசக்கணக்கா நிக்கலையே?"

"வெந்நீரை ஏன்யா ஞாபகப்படுத்தற? ஏற்கெனவே வேகுது," என்று அவள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊடுகாற்று பட்டால் ஆளே போய்விடுவான் என்று நம்புகிற ஊர் அது. புதிமிர் எழுந்து சாத்தினான். அவள் திறந்தாள். அவன் மிச்சம் வைத்த, இறைச்சி அடைத்த புரேக்கையும் நின்றபடியே தின்று தீர்த்துவிட்டு, நேற்றுத் துடைத்த அலமாரியை மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

கீழ்வீட்டு தேசாங்கா சாமந்திப்பூக் கஷாயம் கொண்டுவந்தாள்.

"குடிங்கண்ணே. நரம்பு அடங்கும்."

நரம்பும் அடங்கவில்லை, சிறுநீரும் அடங்கவில்லை. இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போயிற்று. மறுநாள் கஷாயத்துக்குப் பதிலாகப் பிளம் சாராயம் கொடுத்தாள். கை ஆட்டம் நின்றது. ஆனால் வாடை பணிமனை வரைக்கும் போயிற்று. மேற்பார்வையாளர் ஒருமுறை மோந்து பார்த்து அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

"இனிமே நான் பேசவே மாட்டேன்யா. உனக்கு அமைதிதான் மருந்து," என்றாள் ஸ்டாமென்கா. சாப்பாடு வரைக்கும் பேசவில்லை. அதற்குப் பிறகு, விட்டதையும் சேர்த்துப் பேசினாள்.

கடைசியில் அவன் ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்பினான். அவளும் காவலுக்கு வந்தாள்.

"நீயும் ரத்தம் குடுடி."

"எனக்கெதுக்கு? கல்லு மாதிரி இருக்கேன்."

"அதான் வேணும். கல்லையும் என்னையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் குழுவுக்கு வித்தியாசம் புரியும்."

முணுமுணுத்துக்கொண்டே அவளும் ரத்தம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை முடிவு கேட்கப் போனான். இருக்கிற சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டு, ஆடுகிற கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றான்.

"ஹார்மோன்னு சொல்லிடும்மா. நரம்புன்னு மட்டும் சொல்லிடாத. வேலை போயிடும்."

நர்ஸ் யகோதா சலிப்பாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு ஹார்மோன் எல்லாம் சரியாத்தான் இருக்கு ஐயா. அது எகிறிக் கெடக்கறது உங்க வீட்டம்மாவுக்கு. அவங்களோட ஒரே வீட்டுல இருக்கீங்க பாருங்க, அதுல வந்ததுதான் உங்க நரம்பு."