சத்தம் வராது, சேதம் இருக்காது

பிரிண்டர் மூன்றாவது தாளையும் பாதி விழுங்கிவிட்டு, மீதியைத் தரவும் மாட்டேன், எடுக்கவும் விடமாட்டேன் என்று கடகடத்துக்கொண்டிருந்தது. பூட்டுக்காரர் அதன் முன் மண்டியிட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"அது பூட்டு இல்லை மாமா, பிரிண்டர்," என்றான் மச்சினன். பழைய பிரிண்டரைத் தன் வீட்டிலிருந்து தூக்கிவந்து கொடுத்தவன் அவன்தான். "இவ்வளவு தடிமனான அட்டையை அது தாங்காது. மெல்லிசா வாங்கிட்டு வந்து போடுங்க."

"பூட்டுக்காரன் கார்டு வளையக் கூடாதுப்பா. கையில வாங்கினா இரும்பு மாதிரி நிக்கணும்."

"அச்சகத்துல குடுத்திருக்கலாம்."

"மூணு நாள் ஆகுமாம்."

மூன்று நாள் என்று சொல்லும்போதே அவருக்கு உடம்பு அரித்தது. மூன்று மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னாலே நாற்காலியின் ஆணியைக் கழற்றி மாட்டுகிறவர் அவர். பூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தார். செய்து வரும் பூட்டைச் சாவி இல்லாமல் திறந்து பார்ப்பது வேலை. அவருக்குத் திறந்துகொடுத்தால் அந்தப் பூட்டு உருக்குவதற்குப் போகும். அவரையே திணறடித்தால் விற்பனைக்குப் போகும். இரண்டு மாதத்துக்கு முன் தொழிற்சாலையையே இழுத்து மூடிவிட்டார்கள். அதற்கும் ஒரு பூட்டைத்தான் போட்டார்கள். மட்டமான பூட்டு. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் அவர் கை படாத பொருள் இல்லை. அலமாரிக்கு எண்ணெய், ஜன்னலுக்கு எண்ணெய், கதவுக்கு எண்ணெய். இப்போது அந்த வீட்டில் ஒரு கதவும் சத்தம் போடுவதில்லை; மனைவிதான் போடுகிறாள். "திடீர் திடீர்னு பின்னாடி வந்து நிக்கிறீங்க, ஒருநாள் எனக்கு நெஞ்சு நின்னுடும். வெளியில போய் ஏதாவது தொழிலை ஆரம்பிங்க."

தெருக்கோடியில் ஆறு மாடியில் புதிதாக ஒரு குடியிருப்பு எழும்பியிருந்தது. முப்பத்தாறு வீடு. போன வாரம்தான் ஆட்கள் குடிவந்திருந்தார்கள். காவலாளியைக்கூட இன்னும் நியமிக்கவில்லை. புது வீடு, புதுக் கதவு, புதுச் சாவி. அதில் நாலு பேராவது இந்த மாதத்துக்குள் சாவியைத் தொலைக்காமலா போவார்கள்? அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் தன் கார்டு இருந்தாக வேண்டும் என்று அவர் மனம் கிடந்து பறந்தது.

மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் கிளம்பும்போதே விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். "சாயங்காலம் நான் வந்து ஒரு தடவை படிச்சுப் பார்த்ததுக்கு அப்புறம்தான் அடிக்கணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அவள் முக்குத் திரும்பும் முன்பே கணினியைத் திறந்துவிட்டார்.

முதலில் அவர் எழுதியது நன்றாகத்தான் இருந்தது. 'மதிப்பிற்குரிய இல்லத்தாருக்கு' என்று ஆரம்பித்து, சாவி தொலைந்தால் கலங்க வேண்டாம் என்று ஆறுதல் சொல்லி, பழைய பூட்டு பழுது பார்ப்பது, புதுப் பூட்டு பொருத்துவது, மாற்றுச் சாவி செய்வது என்று வரிசையாகப் போய், நன்றியோடு முடிந்தது. உள்ளங்கையளவு அட்டையில் அதை அடக்கியபோது எழுத்து எறும்பு வரிசை மாதிரி ஆகிவிட்டது.

"இது கார்டா, கடுதாசியா?" என்று கேட்டான் மச்சினன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்கிறவன். விற்பனை விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அவனுக்கு. "நாலு வரிக்கு மேல எவனும் படிக்க மாட்டான் மாமா. உங்ககிட்ட என்ன விசேஷம்? அதை மட்டும் சொல்லுங்க."

"எந்தப் பூட்டா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துல திறந்துடுவேன்."

"அப்படிப் போடுங்க! அப்புறம்?"

"கதவை உடைக்க மாட்டேன். ஒரு கீறல் விழாது. பக்கத்து வீட்டுக்குக் கூடச் சத்தம் கேக்காது."

"பிரமாதம். அப்புறம்?"

"கடைன்னு எதுவும் கிடையாது. நானே வீட்டுக்கு வந்துடுவேன்."

மச்சினன் தட்டினான், வெட்டினான், ஒட்டினான். ஆறுதலும் நன்றியும் பறந்தன. பழுதும் மாற்றுச் சாவியும் பறந்தன. பெயரும் போன் நம்பரும் முன்பக்கத்தில் இடமில்லாமல் பின்பக்கத்துக்குப் போயின.

"நம்பர் சிவப்புல இருக்கட்டும். கண்ணுல அடிக்கணும்," என்றார் பூட்டுக்காரர்.

"கறுப்பே போதுமே மாமா."

"சிவப்பு!"

தடிமனான அட்டையை ஒவ்வொன்றாக, முதுகில் தட்டிக் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல் ஊட்டியதில் பிரிண்டர் ஒருவழியாக வழிக்கு வந்தது. தாளுக்குப் பத்து கார்டு, ஐந்து தாள். முன்பக்கம் எல்லாம் கறுப்பில் கச்சிதமாக விழுந்தது. முதல் தாளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் அடித்துப் பார்த்தார்கள். பெயரும் நம்பரும் இரத்தச் சிவப்பில் ஜொலித்தன. மச்சினனுக்கு யாரோ வாடிக்கையாளர் போன் செய்ய, "மிச்சத்தை நீங்களே அடிச்சுடுங்க" என்று கிளம்பிவிட்டான்.

மிச்சம் நான்கு தாளையும் அவரே ஊட்டினார். வந்தவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குப்புற விழுந்தன. நடுவில் பிரிண்டரில் ஒரு சிறு விளக்கு விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. வேலை மும்முரமாக நடக்கிறது போலும் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்தது வெட்டும் வேலை. சமையலறைக் கத்தரிக்கோலால் முதல் தாளை வெட்டினார். பத்து கார்டும் நாய் கடித்த மாதிரி வந்தன. ஓரத்தைச் சரிசெய்யப் போய், சரிசெய்த ஓரத்தைச் சரிசெய்யப் போய், கடைசியில் பேருந்துப் பயணச்சீட்டு அளவுக்கு அவை குறுகிவிட்டன. அந்தப் பத்தையும் குப்பையில் போட்டுவிட்டு, பிளேடும் இரும்பு அடிகோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முன்பக்கக் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வெட்டிய நாற்பதும் தொழிற்சாலையிலிருந்து வந்தவைபோல் இருந்தன. மணி இரண்டு. மனைவி வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதுவரை காத்திருக்கத்தான் நினைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்வரை காத்திருக்கவும் செய்தார்.

குடியிருப்பில் ஆள் நடமாட்டம் இல்லை. அறிமுகமில்லாதவர்களிடம் பேசுவதென்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பூட்டோடு பழகிய அளவுக்கு மனிதரோடு பழகியதில்லை. மணி அடிக்காமல், கதவைத் தட்டாமல், ஆறு மாடியும் ஏறி முப்பத்தாறு கதவுக்கு அடியிலும் ஒவ்வொரு கார்டாகத் தள்ளிவிட்டு இறங்கினார். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அன்று அவர் வீட்டுக்கு வந்து, எதையும் கழற்றாமல், சும்மா உட்கார்ந்தார்.

மனைவி வந்தாள். மேசையில் மிச்சமிருந்த நான்கு கார்டைப் பார்த்தாள்.

"அடிச்சாச்சா? நான் வந்து படிக்கணும்னு சொன்னேனே!"

"பிழையே இல்லை. படிச்சுப் பாரேன்."

வகுப்பில் பாடம் படிக்கும் குரலில் அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"எந்தப் பூட்டும் ஐந்தே நிமிடத்தில் திறக்கப்படும். சத்தம் வராது, சேதம் இருக்காது. இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். விரைவில் உங்கள் வீடு தேடி வருவோம்."

"எப்படி?"

அவள் கார்டைத் திருப்பினாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"ஏங்க, இதுல உங்க பேரு எங்க?"

"பின்னாடி. சிவப்புல. கண்ணுல அடிக்குமே."

"எதுவும் அடிக்கலையே."

பிடுங்கிப் பார்த்தார். வெள்ளை. நான்கும் வெள்ளை. முதல் தாளோடு சிவப்பு மை தீர்ந்துபோயிருந்தது. அதைச் சொல்லத்தான் அந்த விளக்கு மினுக்கு மினுக்கென்று அழுதிருக்கிறது.

"போனாப் போகுது. குடுக்கிறதுக்கு முன்னாடியே பார்த்தோமே," என்றாள் மனைவி.

பூட்டுக்காரர் நான்கு கார்டையும் அடுக்கினார், மறுபடி அடுக்கினார்.

"குடுத்தாச்சா?"

"முப்பத்தாறு."

மனைவி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "பேரில்லை, நம்பர் இல்லை. சத்தமில்லாம பூட்டைத் திறப்போம், சீக்கிரம் வருவோம்னு மட்டும் வீடு வீடா எழுதிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. திருடன்கூட இவ்வளவு மரியாதையா சொல்லிட்டு வரமாட்டானேங்க!"

"நம்பர் போட்டு இன்னொரு கார்டு போட்டுடட்டுமா?"

"போடுங்க. போலீசுக்குத் தேடற வேலை மிச்சம்."

அவர் எழுந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்குப் போனவர்கள் திரும்ப இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். பழைய குடைக் கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியில் இரண்டு பக்கமும் ஒட்டும் நாடாவைச் சுற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"கதவுக்கு அடியில விட்டு இழுத்தா கார்டு ஒட்டிக்கிட்டு வந்துடும்."

"ஐயோ, வேண்டாங்க. இருக்கிறது போதாதா?"

அவருடைய ஸ்கூட்டர் அதற்குள் தெருக்கோடியை எட்டிவிட்டது.

முதல் கதவில் கார்டு வந்தது. இரண்டாவதில் வந்தது. மூன்றாவதில் யாருடைய காலுறையோ வந்தது. அதை மரியாதையாக மடித்து உள்ளே தள்ளினார். நான்காவது கதவுக்கு முன் தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விட்டபோது ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தார். வரவில்லை. சற்று பலமாக இழுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பலமாக இழுத்தார்கள்.

"யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

"யாரும் இல்லைங்க," என்றார் பூட்டுக்காரர்.

அந்தப் பக்கத்துப் பிடி விட்டது; அவர் கம்பியை உருவி எடுத்துக்கொண்டார்.

"கையில என்ன கம்பி?"

"கார்டை எடுக்க வந்தேங்க. தப்பா வந்துடுச்சு. குடுத்துட்டீங்கன்னா போயிடுவேன்."

"இந்தக் கார்டு போட்டது நீயா?"

அந்தக் குரல் நடுங்கியதைக் கேட்டதும் அவருக்கு மனம் கேட்கவில்லை. பாவம், தனியாக இருக்கும் பெண். எழுந்து நின்று, எப்படியாவது தைரியம் சொல்லவேண்டும் என்று தேடினார். கண்ணுக்கு நேரே இருந்தது கதவின் பூட்டு. நாக்கு ஒட்டாமல் பேசத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

"அம்மா, நீங்க பயப்படவே வேண்டாம். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. நான் நினைச்சிருந்தா இதுக்குள்ள உள்ளே வந்திருப்பேன். உங்க பூட்டு ரொம்ப மட்டம். இதுக்கு அஞ்சு நிமிஷம்கூட வேண்டாம், ரெண்டே நிமிஷம்."

உள்ளே பாத்திரம் விழுந்தது. பிறகு, "திருடன்! திருடன்!" என்று அலறல் கிளம்பியது. மேல் மாடியில் ஒரு கதவு திறந்தது. கீழ் மாடியில் இரண்டு கதவு திறந்தன. எத்தனை பேர் வீட்டில் இருந்திருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது. பூட்டுக்காரர் நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கினார். ஸ்கூட்டரில் ஏறித் தலைக்கவசத்தை எடுக்கக் கையை நீட்டியபோதுதான், போனதிலிருந்தே அது தலையில்தான் இருந்தது என்று புரிந்தது. ஆக, கதவின் துளை வழியாக அந்தப் பெண் பார்த்தது, முகத்தை மூடிக்கொண்டு கம்பியோடு நிற்கும் ஓர் ஆளை. அவர் மேல் அவருக்கே பயம் வந்தது.

வீட்டுக்கு வந்தவர் தலைக்கவசத்தைத் துணி மூட்டைக்குள் திணித்தார். கம்பியை உடைத்துப் போட்டார். மிச்சக் கார்டுகளைச் சுக்குநூறாகக் கிழிக்கப் பார்த்தார். இரும்பு மாதிரி நிற்கவேண்டும் என்று தேடி வாங்கிய அட்டை, கிழிக்கவும் வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷம்," என்றார் மனைவியிடம். "ஒரு பூட்டைக்கூடத் தப்பா தொட்டதில்லை. யாராவது கேட்டா நீ சொல்லுவியா?"

"சொல்லுவேங்க," என்றாள் அவள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அவளுக்குத் திட்ட மனம் வரவில்லை. "உக்காருங்க முதல்ல."

உட்காரவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்குப் போனார். சத்தம் நின்றால் கதவுக்குப் போனார். மறுநாள் மனைவிக்குப் பள்ளி விடுமுறை. காலையிலும் அவருக்கு அதே நடைதான். பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. விடாமல், மூன்று தடவை.

"நான் இல்லைன்னு சொல்லு," என்று அவர் அலமாரிப் பக்கம் நகர்வதற்குள் மனைவி கதவைத் திறந்துவிட்டாள். நின்றது போலீஸ் இல்லை. கடைத்தெரு ஹார்டுவேர் கடைக்காரர். தொழிற்சாலைப் பூட்டை வாங்கி விற்றவர். அந்தக் காலத்திலிருந்தே பூட்டுக்காரரைத் தெரியும். மூச்சு வாங்க, வியர்வை வழிய நின்றார். அவர் கையில், வளையாமல், இரும்பு மாதிரி, அந்தக் கார்டு இருந்தது.

"இதைப் பார்த்தீங்களா?" என்று நீட்டினார். "அந்தப் புதுக் குடியிருப்பு பூரா இதே பேச்சுதான். நேத்து சாயங்காலத்துல இருந்து ஒவ்வொருத்தரா என் கடைக்கு வந்து நிக்கிறாங்க. அதான் நேரா உங்ககிட்ட வந்தேன்."

பூட்டுக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். மனைவி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள். ஆனால் நேற்றிலிருந்து மனதுக்குள் அடைத்து வைத்ததை இனியும் அடைக்க அவரால் முடியவில்லை.

"அண்ணே, இதுக்கு மேல மறைக்கிறதுல அர்த்தம் இல்லை. அது... நான்தான்..."

"நீங்கதான்! அதையேதான் நானும் அவங்ககிட்ட சொன்னேன்," என்றார் கடைக்காரர். "எவனோ திருடன் போட்ட இந்தக் கார்டுக்குப் பயந்து என் கடையில இருந்த பூட்டையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டாங்க, முப்பத்தாறு கதவுக்கும் இன்னைக்கே மாட்டியாகணுமாம், கண்ணை மூடிக்கிட்டு நம்பி வீட்டுக்குள்ள விடற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்னு சொல்லிட்டேன், பெட்டியை எடுங்க!"