சிவகாசியில் உறைந்த குழாய்

நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவள். அதுவும் உடன்பிறந்த தம்பியின் கல்யாணத்தை. தம்பிமேல் பொறாமை இல்லை, பெண்மேல் கோபமும் இல்லை. குழாயை மூடாமல் படுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

கல்யாணமாகி நான் போய்ச் சேர்ந்த ஊர் கனடாவில் வின்னிபெக். சிவகாசிக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள் (எனக்கே ரொம்ப நாள் விளங்கவில்லை). முதல் குளிர்காலத்தில், கணவர் வெளியூர் போயிருந்தபோது ஒருநாள் காலை சமையலறைக் குழாயைத் திருகினேன். சொட்டுகூட வரவில்லை. நம் ஊர்ப் பெண் என்ன நினைப்பாள்? இன்றைக்குத் தண்ணீர் விடுகிற நாள் இல்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். வீட்டிலிருந்த சட்டி, டம்ளர், வாளி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தேன்.

அப்புறம்தான் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் செய்தேன். சுவரோரம் குழாய்க்குள் தண்ணீர் உறைந்திருக்கிறதாம். குழாயைத் திறந்து வைத்துவிட்டு, தலை காயவைக்கும் டிரையரைத் தண்ணீர் விழும் பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல உள்பக்கமாகக் காட்டு, நெருப்பு மட்டும் காட்டிவிடாதே என்றார் (அதைச் சிவகாசிக்காரியிடம் சொல்கிறார்!). பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே முட்டி போட்டு உட்கார்ந்தேன். என் கண்ணில் வந்த தண்ணீர் குழாயில் வரவில்லை. சாயங்காலம் அது இருமி, துப்பி, ஒருவழியாக ஓடத் தொடங்கியது. நான் ஜன்னலைப் பார்த்து, எங்கள் தெருவில் கத்துவதுபோல், "தண்ணி வந்துருச்சு!" என்று கத்தினேன். குடத்தை எடுத்துக்கொண்டு ஓடிவர ஒருவரும் இல்லை.

அன்றிலிருந்து, குளிர் கடுமையானால், படுக்கும் முன் குழாயை நூல்போல ஒழுக விடுவேன். ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. தொட்டிக்கடியில் இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைப்பேன், வீட்டுச் சூடு குழாயில் படும். பல் தேய்ப்பதுபோல அது பழக்கமாகிவிட்டது.

பிறகு ஒரு டிசம்பரில் ஊருக்கு வந்தேன். மறுநாள் தம்பி முத்துராஜுக்குப் பெண் கொடுக்க நினைத்தவர்கள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. அவன் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் காலண்டர் சீசன். கெஞ்சிக் கூத்தாடி அரைநாள் லீவு வாங்கியிருந்தான். குழாய்த் தண்ணீர் ஒரு வாரமாக வராததால், அம்மா லாரித் தண்ணீர் வாங்கி மாடியிலிருந்த சின்ன டேங்கை நிரப்பிவிட்டு, யாரையும் கை கழுவக்கூட விடாமல் காவல் இருந்தாள்.

நான் படுக்கப் போனேன். கொசுவுக்காக மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் என் கை மட்டும் இன்னும் கனடாவிலேயே இருந்தது. அதுபாட்டுக்குப் போய்க் குழாயை ஒழுக விட்டது. அலமாரியைத் திறந்து வைத்தது.

விடிந்ததும் அம்மாவின் அலறல்தான் என்னை எழுப்பியது.

"ஏலே முத்து! டேங்க்குல பொட்டுத் தண்ணி இல்லலே! அலமாரியெல்லாம் திறந்து கெடக்கு. எந்தக் களவாணிப் பயலோ வந்து தண்ணியக் கொண்டு போயிட்டான்லே!"

(எங்கள் ஊரில் இதை எல்லோரும் நம்புவார்கள்.) எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல், அவசரமாகப் பட்டுச்சேலையைக் கட்டி, இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குடத்தோடு ஓடினேன். நான் முதல் குடத்தோடு தளும்பத் தளும்பத் திரும்பிய நேரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பெண்வீட்டார் வேன் வந்து நின்றது.

பெண்ணின் அம்மா நேராகச் சமையலறைக்குத்தான் வந்தார்.

"தண்ணி வசதி எப்படி மதினி? எம்மக கொடம் தூக்கியே வளந்துட்டா. இங்கன வந்தும் தூக்க வேண்டாம்னுதான் கேக்கேன்."

"அதெல்லாம் பைப்பத் திறந்தா போதும் மதினி," என்றாள் அம்மா, வேறு வழியில்லாமல்.

அவர் திறந்தே பார்த்துவிட்டார். குழாய் ஒரு ஏப்பம் விட்டது. வாசல்படியில் நின்ற தம்பியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான் அத்தை திறந்து விட்டேன்," என்றேன். "கொழாய் உறைஞ்சிரும்னு."

"உறைஞ்சிருமா? எங்க, சிவகாசிலயா?"

வேனில் வந்த கூட்டம் சிரித்தது. வேறு கதியில்லாமல் நானும் அதை வேடிக்கையாகவே சொன்னேன், வரிசையாக வைத்த சட்டி டம்ளரிலிருந்து ஜன்னலைப் பார்த்துக் கத்தியது வரை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண்ணின் அம்மா மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார்.

"கூப்புட்டதுக்கு யாருமே வரலையா தாயி?"

"இல்ல அத்தை."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். போனில் அவளிடம் நான் எப்போதும் சொன்னது, "கொஞ்சம் குளிரும்மா, வேற ஒண்ணுமில்ல" என்பதுதான். என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "இம்புட்டு நாளா எங்கிட்டச் சொல்லலியேட்டி," என்றாள்.

பெண்ணின் அம்மா முந்தானையைச் செருகினார். "பக்கத்து வீடு எது மதினி? எல்லாருமாப் போயி ஆளுக்கொரு கொடம் எடுத்தாந்துருவோம்."

வீடு பார்க்க வந்தவர்கள் அந்த வீட்டுக்கே தண்ணீர் சுமந்ததை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள்.

இப்போது தம்பி பெண்டாட்டி வருகிறவர்களிடமெல்லாம், "எங்க மதினி வந்தா சிவகாசில பனி கொட்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அம்மா முன்ஜாக்கிரதையாக ஒரு பெரிய நீல டிரம் வாங்கிவிட்டாள். அதற்கு என் பெயரையே வைத்து 'செல்வி டிரம்' என்கிறார்கள். நான் வரும்போது அதை நிரப்பி மூடி வைப்பார்கள். மற்ற மாதங்களில் மாடியில் கவிழ்ந்து கிடக்கும்.

போன வாரம் அம்மா போன் செய்தாள். "ஏத்தா, டிரம்மக் கழுவி வச்சிட்டேன். எப்ப வார?"

இந்த வருடம் லீவு கிடைக்காது என்று சொல்ல வாய் வரவில்லை. "நிரப்பி வைம்மா," என்று சொல்லிவிட்டேன்.