உப்பு சாரின் மஞ்சள் நிலா

சேர்வராயன் மலையிலேயே உப்புக்குத் திரை போட்டு வளர்த்த ஒரே மனிதர் எங்கள் உப்பு சார்தான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அடிவாரத்தில் மூட்டை தூக்கி, ஏற்காட்டில் சொந்த மளிகைக் கடையும் மாடி வீடும் கட்டியவன். எனக்கே ஒருவர் உப்பைப் பற்றிப் பாடம் எடுத்தார் என்றால் பாருங்கள்!

எங்கள் மாடியில் குடியிருந்தார். ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பம் கிடையாது. ஒரு தட்டு, ஒரு தம்ளர், பகலிலும் திரை போட்டு மூடிய ஜன்னல். அலமாரியில் கறுப்புத் துணி சுற்றிய கண்ணாடிப் புட்டி. அதற்குள் மஞ்சள் நிறத்தில் உப்பு.

"வியாழனைச் சுத்தற நிலா ஒண்ணு இருக்குதுங்க, பாய். மேலெல்லாம் பனிக்கட்டி, அடியில கடலு. அந்தக் கடலுப்பு மேல வந்தா, வியாழனோட கதிர் ஓயாம அடிச்சு மஞ்சளாக்கிப்போடும். அதே மாதிரி நாங்க மிஷின்ல அடிச்சுப் பார்த்த உப்புங்க இது."

"என்னையும் மொதலாளி நொம்ப அடிச்சாருங்க சார். நெறம் மாறலையே!"

அவர் சிரிக்கவில்லை. "வெளிச்சம் பட்டா மறுபடி வெளுத்துப்போயிருமுங்க. அதான் திரை."

கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதையே சொல்வார். அவரைக் கண்டால் கிளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். புட்டியைப் பார்க்க மாடி ஏறியவர் எவருமில்லை.

ஒரு மழைக்காலத்தில் சாருக்குக் காய்ச்சல். கடைப்பக்கம் வராத என் மனைவி மும்தாஜ் கஞ்சி கொண்டுபோனாள். இந்த மலை ஈரத்தில் உப்பு கசிவதும், வெயில் தலைகாட்டினால் தட்டில் கொட்டிக் காயவைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அவர் தூங்கும்போது புட்டியை எடுத்துப்போய் மொட்டை மாடியில் கொட்டிவிட்டாள்.

மதியம் நானும் கூட இருக்கும்போது சாரிடம் தட்டைப் பெருமையாக நீட்டினாள். "ஈரத்துல மஞ்சளடிச்சுக் கெடந்துச்சுங்க சார். பாருங்க, எப்படி வெளுத்துருச்சு!"

சார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அத்தனை வருட வேலையில் அவர் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

"மறுபடி மஞ்சளாக்க முடியாதுங்களா சார்?"

"அந்த மிஷின்கிட்ட இனி என்னைய யாரு விடுவாங்க, பாய்?"

மும்தாஜ் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழுகாதீங்கம்மா. என் ஊட்டு உப்பு கசிஞ்சிருக்குதான்னு இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லைங்க. இனி இது சாதா உப்பு. ரசத்துல போடுங்க, நானும் கீழ வர்றேன்."

வந்தார். ரசம் வாயில் வைக்க முடியாமல் கரித்தது. நானும் மும்தாஜும் தண்ணீர்ச் செம்பைத் தேடினோம். சார் மட்டும் இரண்டாம் முறையும் ஊற்றச் சொன்னார்.

இப்போது அவர் இல்லை. மும்தாஜ் இன்றும் ரசத்துக்கு ஒரு சிட்டிகை கூடத்தான் போடுகிறாள். ஊருக்கே உப்பு விற்கிற நான், வாயை மூடிக்கொண்டு குடிக்கிறேன்.