'வரும்' அணி வாத்தியார்

மொட்டை மாடியில் நின்று மரியராஜ் வாத்தியார் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தார்.

"சாராயக் கடை வந்தது. கஞ்சாக் கடை வராதா? வரும். நம் வாழ்நாளிலேயே வரும்."

கோயில் திருவிழாப் பட்டிமன்றத்துக்கான ஒத்திகை அது. 'கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி வருமா, வராதா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் 'வரும்' அணி இவர் தலையில் விழுந்தது. பீடி நாற்றத்துக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர், பாவம்.

மனைவி அமலராணி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"சத்தத்தக் குறைங்க. மாப்பிள்ளை வீட்டாளு ஒருத்தர் கிதர் முகம்மது டீக்கடையில உக்காந்து நம்மளப் பத்தி விசாரிக்கிறாராம்."

வாத்தியார் முழக்கத்தை அப்படியே நிறுத்தினார். மகள் வினோலியாவைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஆத்தூர் சிலுவைமுத்து குடும்பம் இன்னும் பதில் சொல்லவில்லை. சம்மதம் சொல்லுமுன் தெருவுக்கு ஆள் அனுப்பித் துப்பு விசாரிப்பது ஊர் வழக்கம். அதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது?

டீக்கடைக்கு ஓடினார். வந்த ஆள் போய்விட்டிருந்தார்.

"கிதரு, என்னப்பா சொன்ன?"

"தங்கமான குடும்பம்னேன் சார். மாடியில கஞ்சா கஞ்சான்னு சத்தம் கேக்குதேன்னாரு. ஒரு வாரமாத்தான் இப்படி, மத்தபடி நல்ல மனுசன்னு சமாளிச்சுட்டேன்."

"பட்டிமன்றம்னு சொல்ல வேண்டியதுதான?"

"எனக்கு யாரு சொன்னா?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "இனிமே யாராச்சும் வந்தா, எனக்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிரு."

கிதர் முகம்மது சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் சிலுவைமுத்துவே வந்து டீ கேட்டார். அவர் அடுத்த வார்த்தை பேசுமுன்னே, "மரியராஜ் சாருக்கும் கஞ்சாவுக்கும் சம்பந்தமே இல்லங்க. அவரே சொல்லச் சொன்னாரு" என்றார்.

விஷயம் வீட்டுக்கு வந்ததும் வினோலியா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அழுதாள். மாப்பிள்ளை இனிகோவை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெற்ற மனம் கேட்குமா? வாத்தியார் எதிரணி நண்பரைக் கெஞ்சிக் கூத்தாடி 'வராது' அணிக்கு மாறிக்கொண்டார். சிலுவைமுத்து குடும்பத்தையும் பட்டிமன்றத்துக்கு அழைத்தார். கஞ்சாவைத் திட்டுவதை நேரில் கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்பது கணக்கு.

பட்டிமன்றத்தன்று முன்வரிசையில் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் கஞ்சாவை வெளுத்து வாங்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் ஒரு வாரமாக மனப்பாடம் செய்தது சும்மா விடுமா? "சாராயக் கடை வந்தது" என்று நாக்கு தானாக ஆரம்பித்தது. பிறகு நிறுத்தத் தெரியவில்லை. மருந்து, வரி வருமானம், வெளிநாட்டு உதாரணம் என்று மூச்சுவிடாமல் முழங்கி, சொந்த அணியைத் தோற்கடித்துவிட்டு இறங்கினார். எழுந்து நின்று கைதட்டினான் இனிகோ. அமலராணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் சிலுவைமுத்து நேரே வந்து வாத்தியாரைக் கட்டிப்பிடித்தார்.

"சம்பந்தி, எங்களுக்குப் பரிபூரண சம்மதம். கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட கல்யாணத்த வச்சிருவோம்."

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பேச்சுத் திறமைக்கு இம்புட்டு மதிப்பா என்று நெகிழ்ந்துபோனார்.

இனிகோவின் அம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"எங்க இனிகோ கேக்கச் சொன்னான் அண்ணே. அந்தச் சட்டம் கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துருமா?"