மேல்மாடியில் முசியே கஸ்தோன்

எனக்குப் பயம் வந்தால் பிரெஞ்சு நன்றாக வரும். சாதாரண நாட்களில் மேசை ஆண்பாலா பெண்பாலா என்று தடுமாறுகிறவன், தொடை நடுங்கத் தொடங்கியதும் வழக்கறிஞர் மாதிரிப் பொழிந்து தள்ளுவேன். அந்தப் பொழிவில் உண்மை இருக்காது என்பதுதான் ஒரே குறை. இந்தத் திறமையால் ஒருமுறை குடியிருந்த வீடே போகப் பார்த்தது.

அப்போது நானும் மனைவி பவானியும் வில்லரே என்ற பகுதியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தோம். பவானி வயிற்றில் முதல் பிள்ளை. மொன்றியலில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த இரண்டறை எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று. வழக்கமாக வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழே இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுவார்கள். எங்களுடைய முசியே கஸ்தோன் மேலே இருந்தார். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், விமானப்படையில் றேடார் பார்த்து ஓய்வுபெற்றவர். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கையில் நான்கைந்து தாள்களோடு இறங்கி வந்தார்.

"உங்கள் மக்கள் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்" என்றார். (அவர் பேசியது பிரெஞ்சு. நான் தமிழில் தருகிறேன். இந்த முறை ஒழுங்காகத்தான் தருகிறேன், நம்புங்கள்.) "தொலைபேசியில் இருக்கிற மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டேன். சொற்கள் தெரிகின்றன, பொருள் தெரியவில்லை. உதவுவீர்களா?"

தாளைப் பார்த்தேன். ஏற்கெனவே வாசித்த பக்கம்.

அந்தக் கிழமைதான் ஒரு தமிழ் இணையத்தளத்தில் ஒரு பேட்டி வந்திருந்தது. உள்ளூர்ப் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் வந்ததை யாரோ தமிழில் போட்டிருந்தார்கள். வடக்கே பனிப்பாலையில் வேலை செய்த பெயர் சொல்லாத முன்னாள் படைவீரர் ஒருவர், தான் வேற்றுக்கிரகவாசிகளை மூன்று தடவை சந்தித்ததாகச் சொல்லியிருந்தார். தெருவிளக்குக் கம்பம் போல் உயரமாம். பனியில் நின்றும் கால் தடம் விழவில்லையாம். அவரோடு பிரெஞ்சில் பேசினார்களாம், அதுவும் கியூபெக் பிரெஞ்சு இல்லை, பாரிஸ் பிரெஞ்சு. ஒருவர் இவருடைய உச்சரிப்பைத் திருத்தவும் செய்தாராம். கீழே எங்கள் சனம் கருத்துகளால் கும்மியெடுத்திருந்தது. பவானி அவற்றை வாசித்துக் காட்ட, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். (மேலே நடக்கிற சத்தம் கேட்டும் உறைக்கவில்லை.)

"அந்தப் படைவீரர் நீங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. "இத்தனை வருடம் ஒருவரிடமும் சொன்னதில்லை. வாசித்தவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிய ஆசை."

முதல் தாளில் ஒரு வரியைக் காட்டினார். 'ஆளுக்கு மறை கழண்டிட்டுது' என்று யாரோ எழுதியதை இயந்திரம் அப்படியே 'அவருடைய இரும்பு மறை கழன்றுவிட்டது' என்று மாற்றியிருந்தது.

"மூன்றாவது சந்திப்பில் அவர்களுடைய வாகனத்தின் அடி வளையம் தளர்ந்திருந்தது என்று சொல்லியிருந்தேன். இவர் அதைக் கவனித்திருக்கிறாரா?"

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதன் என்ன செய்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் குத்தகை கோடையில் முடிகிறது. தொடை நடுங்கியது. பிரெஞ்சு வந்தது.

"ஆமாம் முசியே. தமிழர்களில் பொறியியலாளர்கள் அதிகம். நுணுக்கமாகத்தான் வாசிப்பார்கள்."

அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வரிக்கு விரல் போனது. 'எங்கடை காதிலை பூச்சுத்துறார்.'

"நான் எப்போது இவர்கள் காதில் பூச் சுற்றினேன்?"

"அது ஒரு வழக்கம். அருமையான செய்தி ஒன்றைக் கேட்டால், கேட்ட காதுக்குப் பூ வைத்து மரியாதை செய்வோம்."

இப்படியொரு வழக்கம் உலகத்தில் எங்குமே இல்லை. என் வாய் அதற்கு இலக்கணப் பிழையில்லாமல் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பவானி தேநீர்த் தட்டோடு வந்தாள். முசியே கடைசித் தாளை எடுத்தார். முகத்தில் கவலை.

"இதற்குத்தான் அதிகம் பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். எழுதியவர் பெயர் உண்மைவிளம்பி. 'இவருக்கு மேல்மாடி காலி' என்று எழுதியிருக்கிறார். என் வீட்டு மேல்மாடியைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்? அது காலி என்று யார் சொன்னது? நான் அங்கேதானே இருக்கிறேன்."

தட்டில் இருந்த கோப்பைகள் கிலுகிலுத்தன. பவானி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள்.

"மேல்மாடி என்றால் ஆகாயம், முசியே. காலி என்றால் எல்லையில்லாதது. எல்லையில்லாத ஆகாயத்தை அறிந்தவர் என்று உங்களைப் புகழ்கிறார்."

முசியே கஸ்தோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார். எனக்குப் பயம் இரட்டிப்பானது அப்போதுதான்.

அவர் படியேறிய பிறகு பவானி மெல்லச் சொன்னாள். "இஞ்சருங்கோ, அந்த உண்மைவிளம்பி நான்தான்."

"நீரோ?"

"டொக்டர் படுத்திருக்கச் சொன்னவர். படுத்திருந்து என்ன செய்யிறது, ஃபோனைத்தான் நோண்டினனான். இவர்தான் அந்த ஆள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் ஏன் இப்பிடிப் புழுகினனீங்கள்?"

"வீட்டைக் காப்பாத்தத்தான்."

"வீட்டை இல்லை, எல்லாத்தையும் கவிழ்த்துப்போட்டு வந்து நிக்கிறியள்."

அவள் சொன்னதில் மிகையில்லை. மறுநாளே முசியே ஒரு செய்தியோடு வந்தார். இரண்டு வாரம் கழித்துப் பக்கத்து நூலகத்தில் ஒரு சந்திப்பு ஏற்பாடு செய்திருக்கிறாராம். பேட்டியை வாசித்த அயலவர்கள் வருவார்கள், தமிழ் வாசகர்களையும் அழைத்து நன்றி சொல்ல வேண்டும், நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

அந்த இரண்டு கிழமையும் எனக்குச் சோறு இறங்கவில்லை. டவுன்டவுனில் காப்புறுதிக் கம்பனியில் தொலைபேசிக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. அந்த நாட்களில் பயத்தில் என் பிரெஞ்சு எவ்வளவு திறமாக இருந்தது என்றால், மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார். வேலை முடிந்ததும் தமிழ்க் கடைகளுக்குப் போய், முசியே ஒட்டியிருந்த அறிவித்தல்களைக் கிழித்தேன். அவர் காற்றுத்தான் கிழித்தது என்று நினைத்து அகலமான ஒட்டுநாடா வாங்கி மறுபடி ஒட்டினார். நான் நகத்தால் சுரண்டினேன். அவர் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டினார்.

சந்திப்பு நாள் வந்தது. பவானி தானும் வருவேன் என்று நின்றாள். மண்டப வாசலில் முசியே கஸ்தோன் கோட்டும் பதக்கங்களுமாக நின்றார். பக்கத்தில் ஒரு கூடை. ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய மஞ்சள் பூக்கள்.

"காதுக்கு" என்றார் சிரித்துக்கொண்டு, ஒன்றை எடுத்து என் காதில் செருகினார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக அயலவர்கள், நூலகப் பெண்மணி, ஒரு கைக்குழந்தை, எல்லார் காதிலும் பூ. ஒரு மனிதர் சொல்வதை மற்றவர்கள் உண்மையிலேயே காதில் பூவோடு கேட்கக் காத்திருந்த ஒரே கூட்டம் அதுவாகத்தான் இருக்கும். தமிழர் ஒருவரையும் காணவில்லை. கடவுளே காப்பாற்றினார் என்று மூச்சு விட்டேன்.

அப்போது செல்வி அக்கா வந்தார். எங்கள் பிள்ளைக்கு இடம் வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே கெஞ்சி வைத்திருந்த கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்பவர். பிரெஞ்சு அருவி மாதிரிக் கொட்டும். வாசலிலேயே நின்று மண்டபத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தோள் குலுங்கியது.

"தம்பி, இதென்ன கோலம்?"

"அக்கா, பேந்து சொல்லுறன். இப்ப ஒண்டும் கதைக்காதேங்கோ" என்று கெஞ்சினேன்.

அவர் சிரித்ததை முசியே கவனித்துவிட்டார். "மதாம், எங்கள் பூக்களில் ஏதும் பிழையா? உங்கள் வழக்கத்தை மதிக்கத்தான் வைத்தோம்."

செல்வி அக்காவுக்குப் பொய் வராது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிற அதே இனிமையோடு, ஒவ்வொரு சொல்லாக, காதில் பூச் சுற்றுவது என்றால் எங்கள் மொழியில் ஒருவரை ஏமாற்றுவது என்று சொன்னார். மண்டபம் முழுவதும் கேட்டது. கைகள் மெல்ல மெல்லக் காதுகளுக்குப் போயின.

முசியே கஸ்தோன் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைப் பையிலிருந்து அந்தத் தாள்களை எடுத்து நீட்டினார்.

"வாசியுங்கள். இந்த முறை எழுதியிருப்பதை வாசியுங்கள்."

ஒலிவாங்கிக்கு முன் நின்றேன். பயத்தின் உச்சத்தில் இருந்தேன், ஆனால் பிரெஞ்சு வரவில்லை. (உண்மை பேச அது பழகியிருக்கவில்லை.) ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பி, மறை கழண்டதை வாசித்தேன். சிலர் சிரித்தார்கள். மேல்மாடியை வாசித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். முசியே மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை எழுதிய உண்மைவிளம்பி யார் என்றாவது தெரியுமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் இரண்டாம் வரிசையில் பவானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவளுடைய பிரெஞ்சு அப்போது நாலைந்து மாத வகுப்புப் பிரெஞ்சு.

"நான்தான், முசியே. மன்னியுங்கள். மேலே ஆள் இருக்கிறது எனக்குத் தெரியாது."

அந்த ஆள் நீங்கள் என்று தெரியாது என்பதுதான் அவள் சொல்ல வந்தது. மண்டபம் வெடித்தது. பவானிக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை, அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். முசியே எழுந்து கையைக் காட்டிச் சிரிப்பை அடக்கினார்.

"என் மேல்மாடி காலியில்லை, மதாம்" என்றார். "சில நேரம் விருந்தாளிகளும் வருவார்கள்."

கைதட்டல் அடங்கச் சில நேரம் எடுத்தது. பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். மறுபடி ஒருவரும் சிரிக்கவில்லை.

ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் என்றால் ஒரே வழியாகத்தானே திரும்ப வேண்டும். மூவரும் ஒரே தெருவில் நடந்தோம். வீடு போய்விட்டது, கார்தெரியும் போய்விட்டது என்று மனதுக்குள் பெட்டி கட்டிக்கொண்டு வந்தேன். வெளிப்படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி அவர் நின்றார்.

"எல்லாருடைய கருத்தையும் சொன்னீர்கள். உங்களுடையது என்ன?"

"எனக்குப் பயமாக இருந்தது, முசியே. அது மட்டும்தான்."

"எனக்கும்தான்" என்றார். "அங்கே தனியாக, மிகவும் பயந்தேன். பேட்டியில் அதைத்தான் சொன்னேன். தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதிய ஒருவரும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை." பிறகு பவானியைப் பார்த்து, "படி ஈரம், கவனம்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

குத்தகை புதுப்பிக்கப்பட்டது. செல்வி அக்கா இடமும் எடுத்துத் தந்தார். முசியே கஸ்தோன் இப்போது ஒரு புத்தகம் எழுதுகிறார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் பவானிக்குத்தான் கொண்டுவந்து கொடுப்பார், எனக்குக் காட்டுவதில்லை. அவளும் தயவு தாட்சண்யம் பார்க்காமல் கருத்துச் சொல்கிறாள். அந்தத் தாள்களை வாசித்து வாசித்தே அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைத் தாண்டிவிட்டது.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு கேள்வி நிலைத்துவிட்டது. நான் வேலையால் பிந்தி வந்து காரணம் சொன்னாலும் சரி, கறி நல்லாயிருக்கு என்று புகழ்ந்தாலும் சரி, பவானி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்பாள்:

"இது மூலமோ, மொழிபெயர்ப்போ?"