சேற்றில் உள்ளான்

இந்த முறை எங்கள் வீட்டுக் கட்டத்தில் என் கவிதைதான் என்று சபதம் செய்தேன். வாயைத் திறந்து அல்ல. மனத்துக்குள்.

எங்கள் தெருமுனையில் கடலைப் பார்த்த நீண்ட மதில். வலசை வரும் கரைப்பறவைகளை வைத்துத் தெருவே சேர்ந்து அதை அழகு செய்ய வேண்டும் என்பது ஓவிய டீச்சரின் ஏற்பாடு. வீட்டுக்கு ஒரு கட்டம். படமோ கவிதையோ, அவரவர் இஷ்டம். என் மனைவிக்குப் படம் போட ஆசை. எனக்கு உள்ளான் மேல் ஆசை. உள்ளான் என்பது ஈரச் சேற்றில் குடுகுடுவென்று ஓடும் பறவை. ஓர் இடத்தில் நிற்காது. நானும்தான்.

முந்திக்கொண்டு டீச்சரிடம் போய், “எங்க கட்டத்துல கவிதை” என்று சொல்லிவிட்டேன். பிறகு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே நான்கு வரி எழுதினேன்.

“உக்காந்தா கவிதை வராதா?” என்றாள் மனைவி.

“எனக்குக் காலுதான் யோசிக்கும்.”

“அப்போ தலை சும்மாதான இருக்கு? இந்தத் துணி மூட்டையை அதுல வச்சு மாடிக்குக் கொண்டு போங்க.”

போனேன். காய வைத்துவிட்டும் வந்தேன்.

கவிதை முடிந்தது. ஆனால் தெருவே பார்க்க மதிலில் எழுதுவது யார்? தையல் கடையிலேயே திரைக்குப் பின்னால் உட்கார்ந்து தைத்தவன் நான்.

“குடுங்க, நான் எழுதிட்டு வரேன்.”

சந்தேகம் வந்தது. “ஒரு எழுத்து மாறக்கூடாது.”

“மாறாது.”

“ஒரு புள்ளிகூட.”

“உங்க மேல சத்தியம்.”

“என் மேல எதுக்கு? உன் மேல பண்ணு.”

“சரி, என் மேலயே.”

சாயங்காலம் மதிலடியில் ஒரே கூட்டம், சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “அண்ணே, அப்படியே உரிச்சு வச்சிருக்கு!”

உள்ளே புகுந்து பார்த்தேன்.

தூரம் கடந்து வந்துள்ளான்
சேற்றில் தனியே உள்ளான்
அலை வந்தால் ஓடுவான்
அலை போனால் திரும்புவான்

எழுத்தில் ஒரு குறை இல்லை. அதன் கீழே, வேட்டியை மடித்துக் கட்டி, குச்சிக்காலும் நீள மூக்குமாக, கழுத்தில் தையல் டேப்புடன் ஒரு கிழவன் சேற்றில் ஓடிக்கொண்டிருந்தான். துரத்திய அலைக்கு என் மனைவியின் கொண்டை.

“கவிதை மட்டும்னுதானே பேச்சு?”

“ஒரு புள்ளி குறையுதா? எண்ணிப் பாருங்க.”

எண்ணினேன். குறையவில்லை.

“சரி, பறவை எங்கே?”

“அது றெக்கை உள்ளது, தப்பிச்சுப் போயிடுச்சு. நீங்க வாங்க, மாடியில துணி காஞ்சிருக்கும்.”