சதுர அடிக்கு எவ்வளவு?

எதைக் கண்டாலும் சதுர அடியில் அளந்து விலை போடுகிற ஓர் இனம் நம் நாட்டில் உண்டு. மனையை அளக்கட்டும், தரைக்கல்லை அளக்கட்டும், யார் வேண்டாமென்றார்கள்? அடுத்தவர் மூளையையும் இவர்கள் அதே டேப்பால்தான் அளப்பார்கள். வைகாசி பிறந்து, சாரலுக்கு முன்பாகக் குற்றாலத்து விடுதிகள் வெள்ளையடித்துக்கொள்கிற நாட்களில் தென்காசிப் பக்கம் வந்தால், கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஆவுடைநாயகம் அண்ணாச்சி. ஐந்தருவிச் சாலையில் இருபத்திரண்டு அறைகள் கொண்ட விடுதிக்குச் சொந்தக்காரர். விடுதிக்கு லோகோவும் விளம்பரப் பலகையும் வேண்டி அவர் தேடி வந்தது உமாராணியை. பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் கணினியும் தானுமாக உட்கார்ந்து, கடைகளுக்கும் விடுதிகளுக்கும் லோகோ, பெயர்ப் பலகை, விளம்பரமெல்லாம் வடிவமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள்.

இந்த இனத்தின் நடவடிக்கைகளைக் கவனியுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற வழக்கம் கிடையாது. வந்தால் எதிர் நாற்காலியில் உட்காராமல் அதை இழுத்துக்கொண்டு போய் அவள் தோளுக்குப் பக்கத்தில் போட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் தின்ற விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு, "இங்கன ஒரு அருவி, அங்கன கோயில் கோபுரம், நடுவுல ஒரு கொரங்கு, அது பக்கத்துல நான்" என்று மாமியார் மருமகளிடம் சமையல் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு மந்திரத்தை ஓதுவார்கள்.

"சின்ன வேலைதான். ஐடியா பூரா எங்கிட்ட இருக்கு. நீ கம்ப்யூட்டர்ல ஏத்துனாப் போதும்."

ஐடியா பூராவும் இவரிடமே இருந்தால் மாடிப்படி ஏறி எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

இந்த இடத்தில் உமாராணியையும் இரண்டு திட்டு திட்டியாக வேண்டும். "எவ்வளவு ஆகும்?" என்று அண்ணாச்சி ஒப்புக்குக் கேட்டபோது, பதினைந்தாயிரம் என்று சொல்ல வேண்டிய வாய், "பாத்துக் குடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டது. பெரியவர்களிடம் விலை பேசுவது மரியாதை இல்லையாம். நம் ஊரில் மரியாதை பார்த்தே பட்டினி கிடந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

மூன்று வாரம் உழைத்தாள். அவள் அனுப்பிய ஒவ்வொரு மாதிரியும் அண்ணாச்சியின் குடும்ப வாட்ஸப் குழுவில் ஓட்டுக்கு விடப்பட்டது. போலீசில் இருக்கிற மச்சினன் மீசை கேட்டார். சம்பந்தியம்மாள் தாமரை கேட்டாள். பதினோராவது மாதிரியில்தான் சபை சமாதானமானது. இதற்கிடையில் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று மாதச் சம்பளத்துக்கு உமாராணியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தது. அறைக்கு மூன்று மாத வாடகை பாக்கி. அண்ணாச்சியின் பணம் வந்தால் சொந்தத் தொழில், வராவிட்டால் சம்பள வேலை.

சனிக்கிழமை அண்ணாச்சி வந்தார். ஒரு கையில் புளியங்குடி எலுமிச்சை நிறைந்த பை, இன்னொரு கையில் டேப். மாதிரிக்கென்று உமாராணி அச்சடித்து வைத்திருந்த விசிட்டிங் கார்டில் இருந்த லோகோவை அளந்தார்.

"மூணு இஞ்சு, ரெண்டு இஞ்சு. ஃபிளக்ஸ் கடையில சதுர அடி பன்னெண்டு ரூவா, டிசைன் சும்மாவே போட்டுத் தாறான். அந்தக் கணக்குக்கு இதுக்கு எட்டணா வருது. உனக்காக ஐந்நூறா வச்சுக்கிடு. எலுமிச்ச தனி."

உமாராணிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. மூன்று வாரத்துக்கு எட்டணா! கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்று முடிவு செய்யப் போன நேரத்தில் அண்ணாச்சியின் போன் அடித்தது. கொல்லத்திலிருந்து யாரோ அறை கேட்டார்கள்.

"சீசனாக்கும் சாரே! நாலாயிரத்து ஐந்நூறு. ஒத்த ரூவா குறையாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"அந்த ரூம் எத்தன சதுர அடி அண்ணாச்சி?"

"நூறு இருக்கும். ஏன் கேக்க?"

"பக்கத்து இலஞ்சியில நூறு சதுர அடிக்கு மாச வாடகையே ரெண்டாயிரம் வராது. நீங்க ஒரு ராத்திரிக்கு நாலாயிரத்து ஐந்நூறு சொல்லுதிய?"

"ஏ பிள்ள, வெவரமில்லாமப் பேசாத. அவன் தாறது ரூமுக்கா? சாரலுக்குலா தாறான்!"

"சாரல் என்ன நீங்க பெய்ய வச்சதா?"

அண்ணாச்சியின் டேப் சரக்கென்று சுருண்டுகொண்டது.

"லோகோ நான் செஞ்சது. பதினஞ்சாயிரம். துட்டு வந்த பெறகுதான் ஃபைல்" என்றாள் உமாராணி. குரல் நடுங்கியது, ஆனால் தொகை நடுங்கவில்லை.

புளியறைச் சாலையில் விடுதியின் விளம்பரப் பலகை வைக்கிற ஆட்கள் அந்த ஃபைலுக்காகக் காத்திருந்தார்கள். அண்ணாச்சி முனகினார், மருமகன் போனிலேயே செய்வான் என்றார், ஏஐ ஓசியில் செய்யும் என்றார், கடைசியில் பதினாலாயிரம் அனுப்பிவிட்டு, "மிச்சம் ஆயிரத்துக்கு எலுமிச்ச" என்று பையை வைத்துவிட்டுப் படியிறங்கினார். உமாராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோயம்புத்தூருக்கு வரவில்லை என்று அப்போதே எழுதிப் போட்டாள். தொழில் தப்பித்தது. கதை நல்லபடியாக முடிந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்?

மறுநாள் ஸ்வாதி வந்தாள். உமாராணியின் தோழி, விடுதி விளம்பரத்துக்கு வாசகங்கள் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். நான்கு வரிக்காக நான்கு நாள் மண்டையை உடைத்திருந்தாள்.

"ஏட்டி, அண்ணாச்சி துட்டு தந்துட்டாராமே. எனக்கு எவ்வளவு?"

உமாராணி யோசிக்கவே இல்லை. "நாலு வரிதானட்டி? பாத்துக்கிடலாம். எலுமிச்ச கெடக்கு, எடுத்துட்டுப் போ."

ஸ்வாதி பையைத் தொடவில்லை. படியிறங்கிப் போனாள்.

நீங்கள் ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை ஏழு தடவை திருத்தித் திருத்தி வடிவமைத்துத் தந்த அந்தச் சொந்தக்காரப் பெண்ணுக்கு என்ன கொடுத்தீர்கள்? பந்தியில் பார்த்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்றீர்கள், இல்லையா?